டைனமோவில் 14.2, பேட்டரியில் 12.8: நடுவில் என்ன ஆகிறது?

திண்டுக்கல்லில் இருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கும் கடிதம்:

"நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. 2008 மாடல் வேகன் ஆர், பெட்ரோல் வண்டி வைத்திருக்கிறேன். நத்தம் பக்கம் உள்ள பள்ளிக்குத் தினமும் அதில்தான் போய் வருகிறேன். ஒரு மாதத்துக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி லைட் எரிந்தது. டைனமோ போய்விட்டது என்று சொல்லி எங்கள் மெக்கானிக் பழசை எடுத்துக்கொண்டு, ரீகண்டிஷன் செய்த ஒன்றை மாட்டினார். எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி, 'வண்டி நிக்கலை பாருங்க, டைனமோ நல்லா இருக்கு' என்றும் காட்டினார்.

அப்புறம்தான் தொல்லை கூடியது. ராத்திரி ஹெட்லைட் போட்டால் பேட்டரி லைட் லேசாக, மங்கலாக எரிகிறது. ஏசியும் வைப்பரும் சேர்ந்தால் ஹெட்லைட் வெளிச்சம் குறைகிறது. வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பும்போது ஸ்டீயரிங் கனத்துப்போய், அதன் லைட்டும் எரிகிறது. சனி, ஞாயிறு நிறுத்தி வைத்தால் திங்கட்கிழமை செல்ஃப் எடுப்பதில்லை. பக்கத்து வீட்டு வண்டியில் இருந்து ஜம்ப்பர் கேபிளைப் பேட்டரிக்குப் பேட்டரி கொடுத்தால் நன்றாகச் சுற்றி உடனே ஸ்டார்ட் ஆகிறது.

ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டு மெக்கானிக் டைனமோவில் மீட்டர் வைத்தபோது 14.2 வோல்ட் காட்டியது. அதே நிலையில் பேட்டரியில் என் மல்டிமீட்டர் காட்டியது 12.8. எல்லாவற்றையும் அணைத்தால் பேட்டரியில் 13.8. காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் 12.1. பேட்டரி வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. பேட்டரியை மாற்றுங்கள், அதற்கும் சரியாகவில்லை என்றால் எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசிஎம்தான் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?"

வணக்கம் டீச்சர்.

இப்போதைக்குப் பேட்டரி வாங்க வேண்டாம். ஈசிஎம் பக்கமே போக வேண்டாம். இருபத்தேழு வருடமாகக் கார் வயரிங் வேலைதான் பார்க்கிறேன். இவ்வளவு தெளிவாக அளந்து எழுதி வரும் கடிதம் அபூர்வம். உங்கள் கோளாறு எங்கே இருக்கிறது என்பது ஏறக்குறைய உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

டைனமோவில் 14.2, பேட்டரியில் 12.8. இரண்டையும் ஒரே நிலையில் அளந்திருக்கிறீர்கள். நடுவில் 1.4 வோல்ட் காணாமல் போகிறது. நல்ல வண்டியில் பிளஸ் பக்கம், எர்த் பக்கம் இரண்டும் சேர்ந்து அரை வோல்ட்கூட இப்படிப் போகக்கூடாது. ஹெட்லைட்டையும் ஏசியையும் அணைத்ததும் பேட்டரியில் 13.8 ஆகிவிடுகிறது, அதாவது இழப்பு குறைந்துவிடுகிறது. கரண்ட் அதிகம் ஓடும்போது இழப்பு அதிகம், குறைவாக ஓடும்போது இழப்பு குறைவு. வகுப்பில் நீங்கள் நடத்தும் ஓம் விதியேதான்: மின்தடை ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறது, மின்னோட்டம் கூடக்கூட அந்த இடத்தில் மின்னழுத்தம் விழுகிறது. டைனமோ தயாரிக்கிறது, தயாரித்தது வந்து சேரவில்லை.

டைனமோவுக்குள் இருந்து வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்கும் இது தெரியாது. தன் வாசலில் 14.2 இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும். இருந்தால், வேலை முடிந்தது என்று அதற்கு மேல் கூட்டாது. மெக்கானிக் மீட்டர் வைத்ததும் அதே வாசலில்தான். அதனால்தான் அவர் "டைனமோ நல்லா இருக்கு" என்கிறார். அது உண்மையும்கூட. ஃபேன் பெல்ட் வழுக்கியிருந்தால் அத்தனை லோடு போட்ட நிலையில் டைனமோவிலேயே 14.2 நின்றிருக்காது, ஆகவே பெல்ட்டையும் விட்டுவிடலாம்.

அப்படியானால் வழியில்தான் கோளாறு. வழி இரண்டு. டைனமோவில் கரண்ட் வெளியே வரும் பி டெர்மினலில் இருந்து மெயின் ஃப்யூஸ் வழியாகப் பேட்டரி பிளஸ்ஸுக்கு வரும் தடித்த ஒயர் ஒன்று. டைனமோ பாடியில் இருந்து எஞ்சின், எர்த் ஒயர் வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி இன்னொன்று. எது என்று சொல்ல உங்கள் கடிதத்திலேயே இரண்டு துப்பு இருக்கின்றன.

முதல் துப்பு செல்ஃப். ஜம்ப்பர் கேபிளைப் பேட்டரிக்குப் பேட்டரி கொடுத்ததும் நன்றாகச் சுற்றுகிறது என்கிறீர்கள். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்ப்புக்கு மேல் இழுக்கும். அவ்வளவும் எஞ்சின் எர்த் வழியாகத்தான் திரும்ப வேண்டும். எர்த் கெட்டிருந்தால் எந்தப் பேட்டரியில் இருந்து கொடுத்தாலும் செல்ஃப் முனகியிருக்கும். கேபிளின் மைனஸ் கிளாம்ப்பை எஞ்சினில் மாட்டியிருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்; அது கெட்ட எர்த்தைத் தாண்டிப் போய்விடும். நீங்கள் பேட்டரியிலேயே மாட்டியிருக்கிறீர்கள். ஆகவே எர்த் பெரும்பாலும் சரி.

இரண்டாவது துப்பு அந்த மங்கலான பேட்டரி லைட். பல டைனமோக்களில் அந்த பல்பின் ஒரு கால் இக்னிஷன் சாவி பக்கமும் இன்னொரு கால் டைனமோ பக்கமும் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே வோல்ட் இருந்தால் பல்ப் அணைந்திருக்கும். இங்கே டைனமோ பக்கம் 14.2, சாவி பக்கம் 12.8 சொச்சம். அந்த ஒன்றேகால், ஒன்றரை வோல்ட்டுக்குப் பல்ப் முழுசாக எரியாது, கம்பி மட்டும் சிவக்கும். நீங்கள் பார்ப்பது அதைத்தான். கெட்டது எர்த் மட்டும் என்றால் சாவி பக்கமும் டைனமோ அளவுக்கே இருக்கும், பல்ப் இப்படி மினுங்காது. ஆகவே பிளஸ் ஒயர். அதிலும் என் முதல் சந்தேகம் டைனமோ மாற்றும்போது கை பட்ட இடத்தின் மேல்: பி டெர்மினல் நட்டும், அதன் அடியில் மாட்டும் லக்கும் (ஒயர் நுனியில் இருக்கும் உலோக வளையம்).

இதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஹெட்லைட், ஏசி, ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் ஓடும்போது அந்த ஒயரில் 30 ஆம்ப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 ஆம்ப், 1.4 வோல்ட், பெருக்கினால் 42 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிட அதிகச் சூடு, ஒரு நட்டின் அடியில், எஞ்சின் பக்கத்தில், தினமும் நீங்கள் பள்ளிக்குப் போய் வரும் நேரமெல்லாம் கனன்றுகொண்டிருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு வண்டி என் கடைக்கு வந்தது. வேறு ஓர் இடத்தில் டைனமோ மாற்றி மூன்று வாரம் ஆகியிருந்தது. பி டெர்மினல் மேல் இருக்க வேண்டிய சிவப்பு ரப்பர் மூடியைத் தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. நட்டைக் கழற்றினேன். ஸ்பிரிங் வாஷர் நீலம் பாரித்து இழுவை போயிருந்தது. லக்கின் அடியில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் கீறிப் பார்த்தால், அந்த ரப்பர் மூடியின் ஓரம். மாட்டியவர் அவசரத்தில் மூடியின் ஓரத்தை லக்குக்கு அடியில் சிக்கவைத்து அதன் மேலேயே நட்டை முறுக்கியிருக்கிறார். ஸ்பானர் வைத்தால் டைட்டாகத்தான் இருந்தது. ஆனால் இரும்பும் செம்பும் தொட்டுக்கொண்டிருந்தது ஒரு பக்கத்து விளிம்பில் மட்டும். ஒயரின் உறையை இரண்டு அங்குலத்துக்கு உரித்தேன். உள்ளே செம்புக் கம்பி செம்பு நிறத்திலேயே இல்லை, கரி மாதிரி இருந்தது. அந்த வண்டிக்கும் முன்பே புதுப் பேட்டரி வாங்கிப் போட்டிருந்தார்கள்.

உங்கள் வண்டியில் ரப்பராக இல்லாமல் லூஸ் நட்டாக இருக்கலாம், பச்சைக் களிம்பு ஏறிய லக்காக இருக்கலாம், மெயின் ஃப்யூஸின் திருகாக இருக்கலாம். எது என்று மீட்டரே காட்டும்.

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். எஞ்சின் அணைந்திருக்கும்போதே, சிவப்பு முனையை முதலைக் கிளிப் போட்டு டைனமோவின் பி டெர்மினலில் மாட்டுங்கள். நட்டில் இல்லை, லக்கில் இல்லை. நட்டின் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் மரை போட்ட கம்பியின் நுனியில். கறுப்பு முனையைப் பேட்டரி பிளஸ்ஸின் ஈயத்திலேயே, கிளாம்ப்பில் படாமல் வையுங்கள். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: அந்தக் கம்பியில் சாவி இல்லாமலே எப்போதும் பேட்டரி கரண்ட் இருக்கும், அது பாடியில் உரசினால் தீப்பொறி பறக்கும். வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். சேலை முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள், பெல்ட் பக்கத்திலேயே சுற்றும். கை நுழையச் சிரமமாக இருந்தால் நீங்கள் செய்யவே வேண்டாம், மெக்கானிக்கை மாட்டச் சொல்லி மீட்டரை மட்டும் நீங்கள் பாருங்கள்.

இப்போது ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட் பிரைட்டில் போட்டு, ஏசியை முழு வேகத்தில் வைத்து, யாரையாவது ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி 2,000 ஆர்பிஎம் பக்கம் பிடிக்கச் சொல்லுங்கள். நல்ல வண்டியில் மீட்டர் 0.2, மிஞ்சினால் 0.3 காட்டும். உங்களுடையதில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டும் என்று நினைக்கிறேன்.

காட்டினால் பேட்டரி பக்கத்து முனையை அசைக்காமல், டைனமோ பக்கத்து முனையை ஒவ்வோர் அடியாகப் பேட்டரியை நோக்கிக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு தடவையும் எஞ்சினை அணைத்துக் கிளிப்பை இடம் மாற்றிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் மரைக் கம்பியில் இருந்து லக்குக்கு. அங்கேயே எண் சடாரென்று விழுந்துவிட்டால் கோளாறு அந்த நட்டின் அடியில். விழவில்லை என்றால் ஒயரின் மறுமுனை, அப்புறம் மெயின் ஃப்யூஸின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கடைசியில் பேட்டரி கிளாம்ப். எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் எண் பெரிதாகக் குறைகிறதோ, குற்றவாளி அங்கே இருக்கிறது. ஒரு பொருளையும் கழற்றாமல், ஒரு ரூபாய் செலவில்லாமல் இது தெரிந்துவிடும்.

எர்த் பெரும்பாலும் சரி என்றேன். அதையும் ஒரு தடவை பார்த்துவிடலாம். டைனமோ பாடிக்கும் பேட்டரி மைனஸ் ஈயத்துக்கும் நடுவே, அதே லோடில் 0.2க்குள் இருக்க வேண்டும். இருந்தால் அந்தக் கதை முடிந்தது.

சரிசெய்யும்போது முதலில் பேட்டரி மைனஸைக் கழற்ற வேண்டும். இதில் அவசரம் காட்ட விடாதீர்கள். மைனஸ் மாட்டியிருக்க பி நட்டில் ஸ்பானர் வைப்பது ஆபத்து. நட்டை எடுத்து, லக்கின் இரண்டு பக்கத்தையும் உப்புத்தாள் போட்டுப் பளபளப்பு வரும்வரை தேய்க்க வேண்டும். செம்பு கறுத்திருந்தால் தேய்த்துப் பயனில்லை. நல்ல நிறம் தெரியும்வரை ஒயரை வெட்டி, புது லக் போட்டு நன்றாக அழுத்திப் பிடிக்கவைக்க வேண்டும். வெட்டியதில் நீளம் பற்றாது என்றால் முழு ஒயரையும் மாற்றிவிடுங்கள். பழைய ஒயரைவிட மெலிந்ததைப் போட விடாதீர்கள். 16 சதுர மில்லிமீட்டர் போட்டால் நிம்மதி. ஃப்யூஸ் கெட்டிருந்தால் அதே ஆம்ப் ஃப்யூஸ்தான் வேண்டும், அதன் இடத்தில் ஒயர் இழையைச் சுற்றுவது மட்டும் கூடவே கூடாது. எல்லாம் முறுக்கி முடித்த பிறகு மேலே கொஞ்சம் வாசலின். முதலிலேயே தடவிவிட்டு முறுக்குவது தப்பு.

அடுத்தது பேட்டரி. காலையில் 12.1 என்றால் அது பாதி வயிற்றோடு இருக்கிறது. முழு சார்ஜில் நின்ற பேட்டரி 12.6 காட்ட வேண்டும். ஒரு மாதமாக அதற்குச் சாப்பாடு ஒழுங்காகப் போகவில்லை. ஒவ்வொரு ஸ்டார்ட்டும் இருந்ததில் கொஞ்சம் எடுத்தது. சனி, ஞாயிறுக்குள் செத்துப்போவதற்கு இதுவே போதும். ஆனால் பேட்டரி கெட்டுவிட்டது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, பட்டினி கிடக்கிறது என்றுதான் சொல்ல முடியும். ஒயரைச் சரிசெய்ததும் அதை வண்டியை ஓட்டியே ஏற்றிவிடலாம் என்று விடாதீர்கள். காலிப் பேட்டரியை நிரப்புவது டைனமோவுக்குப் பெரிய சுமை, ரீகண்டிஷன் டைனமோ அந்தச் சூட்டில் சீக்கிரம் கெடும். பேட்டரிக் கடையில் கொடுத்து வெளியே சார்ஜ் போடச் சொல்லுங்கள். 35 ஆம்ப் ஹவர் பேட்டரி என்றால் 3.5 ஆம்ப்பில் மெதுவாக, ஒரு ராத்திரி முழுக்க. தண்ணீர் ஊற்றும் வகை என்றால் முதலில் டிஸ்டில்ட் வாட்டர் அளவைப் பார்த்துவிட வேண்டும்.

சார்ஜ் போட்டு எடுத்துச் சில மணி நேரம் சும்மா வைத்து அளந்தால் 12.6 பக்கம் நிற்க வேண்டும். வண்டியில் மாட்டி செல்ஃப் அடிக்கும் அந்த இரண்டு விநாடியில் 9.6க்குக் கீழே போகக்கூடாது. இரண்டிலும் தேறிவிட்டால் அதே பேட்டரி ஓடட்டும். தேறவில்லை என்றால் வாரன்ட்டி கார்டைத் தேடி எடுங்கள். இரண்டு வருடம்தானே ஆகிறது, பல பேட்டரிகளுக்கு அதற்கு மேலும் வாரன்ட்டி உண்டு.

ரீகண்டிஷன் டைனமோ என்பதால், கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடையும் பார்த்துவிடச் சொல்வேன். எஞ்சின் ஓடும்போது மீட்டரை ஏசி (மாறுதிசை மின்சாரம்) வோல்ட்டுக்கு மாற்றிப் பேட்டரியின் இரண்டு முனையிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் உள்ளே டயோடு ஒன்று போயிருக்கிறது. அப்படிப்பட்ட டயோடு, வண்டி நின்றிருக்கும்போதும் பேட்டரியில் இருந்து கரண்டைக் கசியவிடலாம். காட்டவில்லை என்றால் கவலை இல்லை. சார்ஜ் போட்ட பிறகும் இரண்டு நாளில் பேட்டரி இறங்கினால், அப்போது கசிவை அளக்கலாம்: வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து, மைனஸ் ஒயருக்கு நடுவில் மீட்டரைப் பத்து ஆம்ப் துளையில் வைத்தால் 0.05 ஆம்ப்புக்குள் இருக்க வேண்டும். மீட்டர் அப்படி மாட்டியிருக்கும்போது சாவியைத் தொடாதீர்கள், மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும்.

ஸ்டீயரிங் விஷயம் உங்களைப் பயமுறுத்தியிருக்கும். அது மின்சார மோட்டார் உதவியால் திரும்பும் ஸ்டீயரிங். நின்ற இடத்தில் வண்டியைத் திருப்பும்போதுதான் அது அதிகக் கரண்ட் கேட்கும். வோல்ட் விழுந்ததும் மோட்டார் உதவியை நிறுத்திக்கொண்டு லைட்டைப் போட்டுவிடுகிறது. வோல்ட் சரியானதும் பெரும்பாலும் அதுவும் சரியாகிவிடும். ஈசிஎம்மும் அப்படித்தான்: வோல்ட் குறைந்தால் எந்தக் கம்ப்யூட்டரும் குழம்பும். குழம்பியதற்காக அதை மாற்றக்கூடாது.

கடைசியாக, எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிய விஷயம். இதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. கார்புரேட்டரும் பாயிண்ட்டும் இருந்த காலத்து வழக்கம் இது, அப்போது கெட்டுப்போக வண்டியில் பெரிதாக ஒன்றும் இல்லை. இன்று பேட்டரிதான் டைனமோவுக்கு ஏரி மாதிரி, பாய்ந்து வருவதையெல்லாம் தாங்கிக்கொள்வது. ஓடிக்கொண்டிருக்கும்போது அதைச் சட்டென்று விலக்கினால் விநாடியில் ஒரு சிறு பங்கு நேரத்துக்கு வோல்ட் பல மடங்கு எகிறும். டைனமோ டயோடு, ரெகுலேட்டர், ஈசிஎம் எதுவும் போகலாம். உங்கள் வண்டி தப்பித்திருக்கிறது. அதோடு அந்தச் சோதனை எதையும் காட்டுவதும் இல்லை. எஞ்சின் மட்டும் ஓடக் கொஞ்சம் கரண்ட் போதும், அந்தக் கொஞ்சம் கரண்ட்டுக்கு உங்கள் கெட்ட ஒயரில் இழப்பே தெரியாது. அதனால்தான் அன்று வண்டி நிற்கவில்லை.

உங்கள் மெக்கானிக்கை விட்டு வேறு இடம் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. டைனமோவில் லோடு போட்டு அளக்கத் தெரிந்தவர், வேலை தெரிந்தவர்தான். இன்னோர் இடத்தில் மீட்டரை வைக்க மட்டும் விட்டுப்போயிற்று. "அண்ணே, பி டெர்மினல்ல ஒரு முனை, பேட்டரி பிளஸ்ல ஒரு முனை, லைட் போட்டு ஒரு தடவை பார்த்துருவோமே" என்று சொல்லுங்கள். ஒரு வோல்ட் என்று மீட்டரில் பார்த்தால் அவரே ஸ்பானரை எடுத்துவிடுவார்.

அதுவரை ராத்திரியில் ஏசி போடாமல், தேவையான தூரம் மட்டும் ஓட்டுங்கள். பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தால் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, மைனஸைக் கழற்றிவிடுங்கள். வேலை முடிந்ததும் ஹெட்லைட், ஏசி போட்டுப் பேட்டரியில் மறுபடி அளந்து பாருங்கள். 13.8க்கு மேல், 14.5க்குள் நின்றால் நத்தம் ரோட்டில் நிம்மதியாகப் போகலாம். நிற்கவில்லை என்றால், எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் எவ்வளவு விழுந்தது என்ற எண்களோடு எழுதுங்கள்.